சாரெம் கூப்பிடாத பெயர்

பட்டம்பாங் நகரத்துப் புங் சூக் சந்தைக்கு வந்து, அன்சோம் விற்கிற சாரெம் எங்கே என்று கேட்டால், இடத்தைக் காட்டுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் எச்சரிப்பார். "பேரம் கீரம் பேசிடாதீங்க. நேத்து ஒருத்தி பேசிட்டு அழுதுட்டுப் போனா." இதில் பாதி பொய். பேரம் பேசியவள் அழவில்லை, சிரித்துக்கொண்டுதான் போனாள். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போனாள் என்பது மட்டும் நிஜம். சாரெமுக்கு அப்படி ஒரு வாய். ஒட்டரிசிக்குள் பச்சைப்பயறும் பன்றிக் கொழுப்பும் வைத்து, வாழையிலையில் இறுக்கிக் கட்டி அவள் வேகவைக்கிற அன்சோமுக்காக அந்த வாயையும் ஊர் பொறுத்துக்கொண்டது.

அன்சோம் அதிகமாக விற்பது புரட்டாசித் தேய்பிறையில், ப்சும் பென் நாட்களில். வாங்காத வீடு இருக்காது. மற்ற கடைக்காரர்கள் அப்போது சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டார்கள். சாரெம் மட்டும் கடையை மகள் மாலிஸ் தலையில் கட்டிவிட்டு விகாரை விகாரையாகக் கிளம்பிவிடுவாள். "வியாபாரம் கொட்டுற நேரத்துல ஊர் சுத்தப் போறா பாரு" என்று பின்னால் பேசுவார்கள். முன்னால் பேச யாருக்கும் தைரியம் கிடையாது.

அந்தப் பதினைந்து நாளும் நரகத்தின் கதவு திறந்திருக்கும். பசித்த ஆவிகள் வெளியே வந்து, தங்கள் மனிதர்கள் வந்திருக்கிறார்களா, தங்கள் பெயரைச் சொல்லிச் சோறு போடுகிறார்களா என்று தேடும். ஏழு விகாரை வரை தேடும். ஏழிலும் இல்லையென்றால் வயிறெரிந்து திரும்பிப் போகும். வெளிச்சம் வந்துவிட்டால் அவற்றால் சாப்பிட முடியாது. அதனால் எள்ளும் ஒட்டரிசியும் சேர்த்து உருட்டிய பிண்டங்களை எடுத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும். எது எந்த விகாரைக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்? பொறுப்புள்ளவர்கள் ஏழுக்கும் போவார்கள். சோம்பேறிகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்றோடு முடித்துக்கொண்டு, ஆவிகள் தங்களைத் தேடிவரும் என்று சொல்லிக்கொள்வார்கள்.

சாரெம் பொறுப்பானவள். போதாததற்குச் சந்தைப் பெண்களையும் இழுத்துக்கொண்டு போவாள். வண்டிக்குப் பஞ்சமில்லை. அவள் கணவர் கோசல், மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கூரைபோட்ட இழுவண்டி கட்டி ஆள் ஏற்றுகிறவர். ஒல்லியான மனிதர். வீட்டில் கோபப்படுகிற வேலையை மொத்தமாக மனைவியிடமே விட்டுவிட்டவர்.

கடைசி ஏழு விடியலுக்கும் ஏழு விகாரை. வெள்ளை ரவிக்கையும் தோளில் வெள்ளைத் துண்டுமாகப் பெண்கள் இருட்டில் வந்து ஏறுவார்கள். மடியில் தூக்குச் சட்டி, காலடியில் பிண்டத் தட்டு, மேலே மழைக்குப் பிளாஸ்டிக் படுதா. சங்கே ஆற்றை ஒட்டி எக் ப்னோம் வரை போகிற பாதையில் பள்ளம் எது, தண்ணீர் எது என்று பகலிலேயே தெரியாது. வண்டி குதிக்கும்போதெல்லாம் மீன் விழுது விற்கிற மொம் கத்துவாள்.

"அண்ணே, மெதுவா ஓட்டுங்க. நாங்க பிண்டம் போடப் போறோம். வாங்கிக்கப் போகல."

"பயப்படாதே மொம். உனக்கு மீன் விழுதுலயே உருண்டை பிடிச்சுப் போடறேன். அந்த வாசனைக்கு எந்த நரகத்துல இருந்தாலும் எழுந்து வந்துடுவே."

"அக்கா, உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க!"

"அவரு சொல்றதுல என்ன தப்பு?" என்பாள் சாரெம். வண்டி முழுக்கச் சிரிக்கும்.

சம்பௌ மலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் சிரிப்பு தானாக நிற்கும். பொல்பொட் ஆட்கள் கொன்று அங்கே குகைக்குள் தள்ளியவர்களின் எலும்புகளுக்குப் பெயர் கிடையாது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஒன்று தங்களுடையதாக இருக்குமோ என்ற சந்தேகம் உண்டு. மலையடி விகாரையில் மட்டும் பெண்கள் யாருக்கென்று சொல்லாமல் ஒரு பிடி கூடுதலாகப் போட்டுவிட்டு வருவார்கள்.

எந்த விகாரையானாலும் முறை ஒன்றுதான். செருப்பைக் கழற்றிவிட்டு, சேற்றில் வெறுங்காலோடு, விளக்கில்லாமல், சன்னிதியைச் சுற்றிவர வேண்டும். சுற்றிக்கொண்டே பெயரைச் சொல்லிப் பிண்டத்தை இருட்டுக்குள் எறிய வேண்டும். சாரெம் அப்பாவைக் கூப்பிடுவாள். அம்மாவைக் கூப்பிடுவாள். அக்காவைக் கூப்பிடுவாள். பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட அக்காவின் குழந்தையை "பாப்பா" என்று கூப்பிடுவாள். அதோடு நிறுத்திவிடுவாள். தம்பி நாரித்தை மட்டும் கூப்பிட மாட்டாள்.

நாரித் சாகவில்லை என்பது அவள் கட்சி.

ஊரைக் காலி பண்ணச் சொல்லிப் பொல்பொட் ஆட்கள் துப்பாக்கியோடு வந்தார்களே, அந்தச் சித்திரையில் அவளுக்குக் கல்யாண வயசு. நாரித்துக்கு மீசை வருவதற்கு நாலைந்து வருஷம் இருந்தது. இடது புருவத்தில் ஒரு பிளவு இருக்கும். பனைமரத்தில் பாதி ஏறி முழுசாக விழுந்ததில் கிடைத்தது. குடும்பம் முழுவதும் வயல்வெளிக்கு நடந்தது. தபால் ஆபீஸில் வேலை பார்த்த அப்பா முதலில் போனார். பிறகு அம்மா, பிறகு பிரசவத்தில் அக்கா, பின்னாலேயே குழந்தை. மிச்சமிருந்த இரண்டு பேரில் தம்பியை ஏரிக்கரை கட்டுகிற சிறுவர் படைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது அவன் திரும்பிப் பார்த்தானா என்று அவளுக்கு இன்றைக்கும் ஞாபகமில்லை. அதை நினைத்து நினைத்து மாய்ந்துபோவாள்.

பொல்பொட் காலம் முடிந்ததும் அவள் தன்னந்தனியாக வத் கோர் கிராமத்துக்குத் திரும்பி, தங்கள் வீடு இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். உயிரோடு இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்த காலம் அது. ஒருநாள் அந்த வழியாகப் போன ஒரு பெண், தாய்லாந்து எல்லையில் புருவம் பிளந்த ஒரு பையன் சைக்கிளில் அரிசி மூட்டை தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்ததாகச் சொன்னாள். பெயர் கேட்டாளா? இல்லை. எந்தப் புருவம்? தெரியாது. சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சாரெம் முப்பது வருஷம் ஓட்டிவிட்டாள். தம்பி எல்லையைத் தாண்டிவிட்டான், அகதி முகாமிலிருந்து அமெரிக்காவுக்கோ பிரான்சுக்கோ போய்விட்டான், வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு அக்காவை மறந்துவிட்டான் என்று அவனைத் திட்டுவாள். திட்டும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். அதைப் பார்த்தவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள்.

உயிரோடு இருக்கிறவன் பெயரைச் சொல்லிப் பிண்டம் போட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவன் ஆயுசு அறுந்துபோகும். எங்கேயோ நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன் அப்படியே விழுவான். அதனால் அவன் பெயரை அந்தப் பதினைந்து நாளும் அவள் வாயால் சொல்லக்கூட மாட்டாள். மற்ற நாட்களில் புத்தருக்கு முன்னால் ஊதுவத்தி கொளுத்தி, "நாரித் நல்லா இருக்கணும், முதுகு வலி இல்லாம இருக்கணும்" என்று வேண்டிக்கொள்வாள். அவனுக்கு இப்போது முதுகு வலிக்கிற வயசுதான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

ஒருதடவை வத் கோர் விகாரையின் பெரிய பிக்கு, "அந்தப் பையன் பேரையும் சேர்த்துக்கோயேன்மா, உயிரோட இருந்தா இருக்கட்டும், புண்ணியம் வேற யாருக்காவது போகும்" என்று சொல்லிவிட்டார். சாரெம், "சாமி, நான் கொண்டுவந்த சோத்தைச் சாப்பிடுங்க. என் தம்பியைச் சாப்பிடாதீங்க" என்றாள். அடுத்த நொடியே தான் யாரிடம் பேசினோம் என்பது உறைத்து, தரையில் நெற்றி படக் கும்பிட்டு அழுதாள். பிக்கு அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கோசலும் எடுக்கவில்லை. அவருக்கு அவள் கொடுத்திருந்த வேலை வேறு. வண்டியில் ஏறுகிற ஆட்களில் நாரித் வயசில் யாராவது இருந்தால், அந்தக் காலத்தில் எங்கே இருந்தீர்கள், புருவம் பிளந்த நாரித் என்ற பையனைத் தெரியுமா என்று கேட்க வேண்டும். ஆரம்பத்தில் தினமும் சாயங்காலம், "இன்னிக்குக் கேட்டீங்களா?" என்பாள். "கேட்டேன், தெரியலங்கறாங்க" என்பார். வருஷங்கள் போகப் போக அந்தக் கேள்வி வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு எப்போதாவது என்றாகிவிட்டது. பதில் மட்டும் மாறவே இல்லை.

மாலிஸுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த வருஷம் ப்சும் பென்னில் மழை விடாமல் பெய்தது. ஆறாவது விடியலுக்குப் பனான் மலையடியில் இருக்கிற விகாரை. பெண்கள் இறங்கி வரிசையில் போனார்கள். கோசல் வழக்கம்போல் வண்டியிலேயே தங்கிவிட்டார். அவருடைய பெற்றோருக்கான பிண்டத்தை அவர் முதல்நாளே ஒரு விகாரையில் போட்டு முடித்துவிடுவார். மற்ற நாட்களில் வண்டியைப் பார்த்துக்கொண்டு சிகரெட் பிடிப்பார். எல்லோரும் நினைத்திருந்தது அப்படித்தான்.

பாதி சுற்றில் சாரெமின் தட்டு சரிந்து பிண்டங்கள் சேற்றில் விழுந்துவிட்டன. வண்டியில் இன்னும் கொஞ்சம் இருந்தன. எடுப்பதற்காகத் திரும்பி ஓடினாள். வண்டியில் ஆள் இல்லை. சுற்றுச்சுவர் மூலையில், புளியமரத்துக்குப் பின்னாலிருந்து கோசலின் குரல் கேட்டது. யாரோடு பேசுகிறார் என்று கிட்டே போனாள்.

"நாரித், தம்பி நாரித். உனக்கு என்னைத் தெரியாது. நான் உன் அக்கா சாரெமோட வீட்டுக்காரன், கோசல். உங்க அக்கா நல்லா இருக்கா. இந்தாப்பா, வந்து வாங்கிக்கோ. அடுத்த வருஷமும் கொண்டுவர்றேன்."

பிண்டம் சுவருக்கு அந்தப் பக்கம் விழுகிற சத்தம் கேட்டது.

சாரெம் கையிலிருந்த தட்டால் அவர் முதுகில் அடித்தாள். அவர் திரும்பியதும் தோளில் அடித்தாள். "கொன்னுட்டியே பாவி! என் தம்பியைக் கொன்னுட்டியே! எத்தனை வருஷமா இந்த வேலை? அதான் அவன் கிட்டேயிருந்து ஒரு சேதியும் வரல! நீதான், நீதான்டா அவனை…" தட்டு நெளிந்துபோனது. கோசல் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. சத்தம் கேட்டு மொம்மும் மற்றவர்களும் ஓடிவந்தார்கள். புருஷனை வாடா போடா என்று அவள் சொல்லி யாரும் அதுவரை கேட்டதில்லை. அவள் அடிக்கிற அடியைப் பார்த்ததும் கிட்டே வரத் தயங்கி மழையிலேயே நின்றார்கள்.

அவள் கை ஓய்ந்ததும் கோசல் சொன்னார். "நான் கொல்லல. அவன் எப்பவோ போயிட்டான், மாலிஸ் அம்மா."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மொம் வந்து அவளைப் பிடித்து வண்டிப் படியில் உட்காரவைத்தாள். கோசல் எதிரில் சேற்றிலேயே குந்திக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

மாலிஸுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வருஷம். பொசாத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பவர். சின்ன வயசில் தான் மண் சுமந்த ஏரிக்கரையை ஒருதடவை பார்க்க வேண்டும் என்று வண்டி பிடித்தார். கோசல் வழக்கமான கேள்வியைக் கேட்டார். வழக்கமான பதில்தான் வரும் என்று பாதையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆள் வண்டியை நிறுத்தச் சொன்னாரு. 'இடது புருவம்தானே? வத் கோர் பையன், அப்பா தபால் ஆபீஸ்'னாரு. எனக்கு அடுத்த பாய்ல படுத்திருந்தான்னாரு."

"அப்புறம்?"

"வேண்டாமே."

"சொல்லு."

"கஞ்சி குறைச்சுட்டாங்களாம். வயல்ல நண்டு பிடிச்சுப் பச்சையாத் தின்னிருக்கான். வயித்தால போயிருக்கு. ரெண்டாவது மழைக்காலம். காலையில வேலைக்கு மணி அடிச்சப்ப எழுப்பியிருக்காங்க. எழுந்திருக்கல. கரையிலயே எங்கயோ புதைச்சுட்டாங்க. நானும் அவருமாத் தேடினோம். கரை முழுக்க இப்ப நாணல்."

"என்கிட்ட ஏன் சொல்லல?" அந்தக் கேள்வியில் கோபமே இல்லை. அதுதான் பக்கத்தில் நின்றவர்களைப் பயமுறுத்தியது.

"சொல்லத்தான் வந்தேன். நீ அப்ப புது வருஷத்துக்குத் துணி எடுத்துட்டு வந்திருந்தே. எனக்கு ஒரு துண்டு, அவனுக்கு ஒரு துண்டு. 'இது நாரித்துக்கு, தொடாதீங்க'ன்னு தனியா மடிச்சு வெச்சே. எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே போயிடுச்சு. அதுக்குள்ள ப்சும் பென் வந்துச்சு. நீ எல்லாரையும் கூப்பிட்டே, அவனைக் கூப்பிடல. பையன் ஏழு இடத்துக்கும் வந்து பார்த்துட்டு வெறும் வயித்தோட திரும்பிப் போவானேன்னு… அதான், நான் போட்டேன்."

நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது. ஒரு மனுஷி கையில் பிடித்திருக்கிற ஒரே கயிற்றை அறுக்க மனசு வராமல், அது முன்பே அறுந்த கயிறு என்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

சாரெம் நெளிந்த தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"நீ போட ஆரம்பிக்கறதுக்கு முன்னால?"

கோசல் சேற்றில் விரலால் கோடு கீறினார்.

"அதுக்கு முன்னால யார் போட்டா? யாரும் போடல. நான்தான் இருந்தேன். நான் போடல." அவள் தன் மடியில் கிடந்த நெளிந்த தட்டைப் பார்த்தாள். "அப்பாவுக்குப் போட்டேன். அம்மாவுக்குப் போட்டேன். பேரு வைக்காத பாப்பாவுக்குக்கூடப் போட்டேன். அவன் பக்கத்துலயே நின்னு பார்த்திருப்பான் மொம். அக்கா எல்லாருக்கும் போடறா, அடுத்து எனக்குத்தான்னு நின்னிருப்பான். நான் தட்டைக் கவிழ்த்துட்டு வண்டி ஏறிடுவேன்."

மொம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாரெமுக்கு அழுகை வரவில்லை. பசியால் செத்தவனைச் செத்த பிறகும் பட்டினி போட்டது தன்னுடைய நம்பிக்கைதான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அது புரிந்த பிறகு அழுதால் மட்டும் என்ன ஆகப்போகிறது?

"நான் போட்டது போய்ச் சேர்ந்திருக்கும்" என்றார் கோசல். "வருஷா வருஷம் போட்டிருக்கேன். ஏழு இடத்துலயும். அவன் சாப்பிட்டிருப்பான்."

"வந்திருக்க மாட்டான்."

"ரத்த சொந்தம் இல்லைன்னாலும் மனசாரக் கூப்பிட்டா வரும்னு பெரிய சாமி சொல்லியிருக்காரு."

"அது இல்ல." அவள் தலையை ஆட்டினாள். "எங்க அப்பாவை எப்படிக் கூட்டிட்டுப் போனாங்க தெரியுமா? இருட்டின பிறகு வந்து, வெளியில நின்னு, மரியாதையாப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. 'வாங்க, ஒரு சின்ன வேலை'ன்னு. அவர் போனாரு. அதுக்கப்புறம் நாரித்துக்கு நான்தான் சொல்லிவெச்சேன். 'இருட்டுல யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காதே. எவ்வளவு அன்பாக் கூப்பிட்டாலும் போகாதே. அப்படியே ஒளிஞ்சுக்கோ. நான் வந்து கூப்பிட்டா மட்டும் வெளிய வா'ன்னு. தினமும் சொல்லுவேன். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பேன். அவன் சொன்ன பேச்சைக் கேக்கற பையன்."

கோசல் இப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

"நீ இருட்டுல நின்னு ஆம்பளைக் குரல்ல அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கே. உன்னைத் தெரியாதுன்னு நீயே சொல்லியிருக்கே. எப்படி வருவான்? பயந்து அந்த விகாரைப் பக்கமே வந்திருக்க மாட்டான்."

கோசல் சேற்றிலிருந்து எழுந்திருக்கவே முடியாமல் இரண்டு பெண்கள் கைகொடுத்துத் தூக்கினார்கள். அந்த மனிதர் அழுததை எங்கள் சந்தையில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் கடைசி விடியல். விகாரை அவர்களுடைய சொந்த வத் கோர். அதற்கு முந்தின இரவு சாரெம் யாரையும் அடுப்பங்கரைக்குள் விடவில்லை. நாரித்துக்கான சோற்றைத் தானே உலையில் வைத்து, தானே எள் வறுத்து, தானே உருட்டினாள். மாலிஸ் உதவிக்கு வந்தபோது, "உன்னை அவனுக்குத் தெரியாது, நீ தொடாதே" என்று சொல்லிவிட்டாள்.

மழை விட்டிருந்தது. அந்த வருஷத்துப் ப்சும் பென்னின் கடைசி இருட்டு என்பதால் ஊரே திரண்டிருந்தது. வண்டியை நிறுத்தியதும் சாரெம் கோசலிடம், "நீங்க இங்கயே இருங்க. உங்க குரல் கேட்டா ஒளிஞ்சுப்பான்" என்றாள். திட்டாகச் சொல்லவில்லை. தூங்குகிற பிள்ளை முழித்துக்கொள்ளும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். கோசல் தலையை ஆட்டினார்.

அவள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் பாப்பாவுக்கும் சீக்கிரமாகப் போட்டு முடித்தாள். பிறகு கூட்டத்திலிருந்து விலகி, விகாரையின் பின்பக்கம், குளத்தங்கரைக்குப் போனாள். சின்ன வயசில் அவர்கள் இரண்டு பேரும் குளித்த குளம். மொம் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

சந்தையையே அதட்டுகிறவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். கூப்பிட்டுவிட்டால் அவன் செத்தவன்தான். இத்தனை வருஷம் கட்டிக் காப்பாற்றியவனைத் தன் வாயாலேயே சாகடிக்க வேண்டும். இன்னொரு பயமும் இருந்தது. அதை மொம்மின் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"மொம், அவன் கடைசியாக் கேட்டது சின்னப் பொண்ணு குரலு. இப்ப என் குரலைப் பாரு. இதை அவன் நம்புவானா?"

"கூப்பிடுங்க அக்கா. கூப்பிட்டாத்தானே தெரியும்."

அதே நேரம் வண்டியை விட்டு இறங்கிய கோசல், குளத்துப் பக்கம் திரும்புகிற வழியில் போய் நின்றுகொண்டார். பிண்டத் தட்டோடு அந்தப் பக்கம் வந்த ஆண்களை எல்லாம் வாயைத் திறக்காமல் கைகூப்பி வேறு பக்கமாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பைத்தியமோ என்று நினைத்தவர்களும் விலகித்தான் போனார்கள். பின்பக்கம் முழுவதும் ஒரு ஆண் குரலும் இல்லாமல் அமைதியானது.

சாரெம் பிண்டத்தை எறியவில்லை. ஒரு தாமரை இலையைப் பறித்துத் தரையில் விரித்து அதன் மேல் வைத்தாள். வைத்துவிட்டு, இருட்டைப் பார்த்து முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"நாரித்" என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, "நாரித், அக்காதான்டா. என் குரல்தான் கிழடாப் போச்சு, நான்தான். வேற யாரும் இல்ல, எல்லாரையும் அனுப்பியாச்சு. இனிமே ஒளிஞ்சிருக்க வேண்டாம், வெளிய வா" என்றாள்.